ஹாட் டப் தண்ணீர் பளிச்சுனு இருந்தா போதுமா? குளோரின், பிஹெச், ஆப்ப சோடா... வெந்நீர்த் தொட்டிக்குள் நடக்கும் கெமிஸ்ட்ரி என்ன?

1999 பிப்ரவரி மாதம். நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற சிற்றூரில் மலர்க் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பூக்களைப் பார்க்க வந்தவர்கள் அப்படியே பக்கத்து அரங்கில் இருந்த வீட்டு உபயோகப் பொருட்கள் ஸ்டால்களையும் ஒரு ரவுண்டு வந்தார்கள். அங்கே ஹாட் டப் எனப்படும் வெந்நீர்த் தொட்டிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர், அதில் மோட்டார் கிளப்பும் குமிழிகள். வந்தவர்கள் அதில் இறங்கிக் குளிக்கவில்லை. பார்த்தார்கள், நகர்ந்தார்கள். அவ்வளவுதான்.

அடுத்த சில நாட்களில் நிமோனியாவோடு ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 32 பேர் உயிரிழந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன விசாரணை, கடைசியில் அந்த ஹாட் டப்பில் போய் நின்றது. தண்ணீரில் பெருகியிருந்த லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா, குமிழிகள் உடையும்போது கிளம்பும் நுண்ணிய நீர்த்துளிகளோடு காற்றில் கலந்து, அந்தப் பக்கம் நடந்துபோனவர்களின் நுரையீரலுக்குள் போயிருக்கிறது.

சரியாக 20 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதே கதை. 2019 செப்டம்பரில் வடக்கு கரோலினா மாகாணத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தவர்களில் 130க்கும் மேற்பட்டோருக்கு அதே நோய். 4 பேர் பலி. அங்கேயும் விசாரணை கைகாட்டியது, காட்சிக்கு வைத்திருந்த ஹாட் டப்களைத்தான்.

ரெண்டு சம்பவத்திலும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பார்த்தவர்கள் யாருக்கும் அந்தத் தண்ணீர் அழுக்காகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பக்கத்திலேயே போயிருக்க மாட்டார்களே!

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ரிசார்ட்களிலும், ஈசிஆர் வில்லாக்களிலும் இப்போது 'பிரைவேட் ஜக்குஸி' என்பது பெரிய விளம்பரம். போட்டோவில் பார்த்தால் எல்லாத் தண்ணீரும் நீல நிறத்தில் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் பாதுகாப்பானதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அதன் நிறம் இல்லை, அதற்குள் இருக்கும் சில எண்கள். அந்த எண்கள் என்னென்ன?

ஜக்குஸி, ஹாட் டப்... ரெண்டும் ஒண்ணா?

நம்ம ஊரில் ரெண்டையும் ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள். உண்மையில் ஜக்குஸி என்பது ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஜக்குஸி சகோதரர்கள் பம்ப் தயாரித்து வந்தார்கள். அவர்களில் ஒருவரான கேண்டிடோ ஜக்குஸியின் மகனுக்குச் சிறு வயதிலேயே முடக்குவாதம். அந்தப் பிள்ளையின் வலிக்கு வீட்டிலேயே நீர் சிகிச்சை கொடுக்கத்தான், குளியல் தொட்டிக்குள் வைக்கும் பம்பை அவர் உருவாக்கினார். பிறகு அது கம்பெனி பெயராகி, கடைசியில் அந்தப் பொருளுக்கே பெயராகிவிட்டது.

கெமிஸ்ட்ரிக்கு முக்கியம் வேறொரு வித்தியாசம். பாத்ரூமில் இருக்கும் வேர்ல்பூல் பாத் டப்பில் ஒருவர் குளித்து முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு விடுவோம். ஹாட் டப் அப்படி இல்லை. ஒருமுறை நிரப்பிய தண்ணீர் நாள்கணக்கில், வாரக்கணக்கில் அதிலேயே கிடக்கும். இன்று நீங்கள் இறங்கும் தண்ணீரில் நேற்று வேறொரு குடும்பம் இறங்கியிருக்கும். பிரச்சனை இங்கேதான் தொடங்குகிறது.

தண்ணி கம்மி, ஆள் ஜாஸ்தி

நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு ஹாட் டப்பில் சுமார் 1,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் உள்ள ஒரு நீச்சல் குளத்தில் பிடிப்பது ஏறக்குறைய 4 லட்சத்து 69 ஆயிரம் லிட்டர். அதாவது 300 மடங்குக்கும் மேல்.

இப்போது ஒரு சின்ன கணக்கு. ஹாட் டப்பில் நாலு பேர் உட்கார்ந்தால், ஒருவருக்கு 375 லிட்டர் தண்ணீர். அதே நெரிசல் அந்த நீச்சல் குளத்தில் வர வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் 1,250 பேர் உள்ளே குதிக்க வேண்டும்! அப்படி ஒரு குளத்தில் யாராவது காலை வைப்பார்களா? ஆனால் ஹாட் டப்பில் அதைத்தான் ரிலாக்ஸாக உட்கார்ந்து அனுபவிக்கிறோம்.

அதுவும் வெந்நீரில். சூட்டில் உடம்பு வியர்க்கும். தோலில் இருந்து செத்த செல்கள், எண்ணெய்ப் பசை, மேக்கப், சன்ஸ்கிரீன், துணியில் ஒட்டியிருக்கும் சோப்பு எல்லாம் தண்ணீரில் இறங்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்குபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழந்தைகள் உள்ளேயே சிறுநீர் கழித்துவிடுவதும் நடக்கும். (பெரியவர்களும்தான், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.)

இது போதாதென்று, லெஜியோனெல்லாவுக்கு மிகவும் பிடித்தது வெதுவெதுப்பான தண்ணீர். ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸ் முதல் 45 டிகிரி வரை அது நன்றாகப் பெருகும். ஹாட் டப்பின் வெப்பம் அதிகபட்சம் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி. ஆக, நமக்கு சுகமாக இருக்கும் சூடு அந்த பாக்டீரியாவுக்கும் சுகமான சூடுதான். 'கொதிக்கக் கொதிக்க இருக்கே, கிருமி எல்லாம் செத்துடும்' என்று நினைப்பது தப்பு. நம் உடம்பு தாங்கும் சூட்டில் அந்தக் கிருமி சாகாது.

3 பிபிஎம் குளோரின்: ஒரு டீஸ்பூன் சமாச்சாரம்

இந்தக் கிருமிகளுக்கு எதிரே நிற்கும் முதல் காவலாளி குளோரின். சிடிசி எனப்படும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம், ஹாட் டப் தண்ணீரில் குளோரின் குறைந்தது 3 பிபிஎம் இருக்க வேண்டும் என்கிறது. சாதாரண நீச்சல் குளத்துக்கு அதே மையம் சொல்வது குறைந்தது 1 பிபிஎம். மூன்று மடங்கு ஏன் என்பது மேலே பார்த்த கணக்கிலேயே தெரிந்திருக்கும்.

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம். அப்படியென்றால் 1,500 லிட்டர் தொட்டிக்கு 3 பிபிஎம் என்பது வெறும் 4.5 கிராம் குளோரின். ஒரு டீஸ்பூன் சர்க்கரையின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத வலிமையுள்ள புது லிக்விட் குளோரின் என்றால் சுமார் 45 மில்லி.

இவ்வளவு கொஞ்சம் என்பதுதான் இதில் உள்ள சிக்கலே. நாலு பேர் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால், அந்த 4.5 கிராம் அவர்களின் வியர்வையோடு சண்டை போட்டே கணிசமாகத் தீர்ந்துபோயிருக்கும். சூடும் குமிழிகளும் சேர்ந்து மிச்சத்தையும் வேகமாகக் குறைக்கும். காலையில் டெஸ்ட் செய்தபோது சரியாக இருந்த தண்ணீர், சாயங்காலம் வெறும் வெந்நீராக இருக்கலாம். அதனால்தான் பலர் பயன்படுத்தும் ஹாட் டப்களில் ஒரு நாளைக்குக் குறைந்தது ரெண்டு முறையாவது பார்க்க வேண்டும், கூட்டம் அதிகமென்றால் மணிக்கொரு முறை பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

இன்னொரு பக்கம், கை கொஞ்சம் தாராளமாகப் போனாலும் அளவு எகிறிவிடும். சின்னத் தொட்டி இல்லையா? அளவு 10 பிபிஎம்மைத் தாண்டினால் இறங்காமல் காத்திருப்பதே நல்லது.

'குளோரின் வாடை தூக்கலா இருக்கு, அப்போ தண்ணி சுத்தம்தான்'... உண்மையா?

இல்லை. பெரும்பாலும் நிலைமை தலைகீழ்.

நீச்சல் குளத்தின் பக்கம் போனதும் மூக்கில் ஏறும் அந்த வாடை, வேலை செய்யத் தயாராக இருக்கும் குளோரினின் வாடை இல்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் இருக்கும் நைட்ரஜன் பொருட்களோடு குளோரின் சேர்ந்து உருவாகும் குளோரமைன்களின் வாடை அது. கண் சிவப்பதற்கும், தொண்டை கரகரப்பதற்கும் முக்கியக் காரணம் இவைதான். குளோரமைனுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி மிகவும் குறைவு. அதாவது, அந்த வாடை வந்தால் குளோரின் சண்டை போட்டுக் களைத்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

இதற்குத் தீர்வு குளோரினைக் குறைப்பது இல்லை. யாரும் உள்ளே இல்லாதபோது ஒரே தடவையில் கூடுதலாகப் போட்டு, குளோரமைனை உடைக்க வேண்டும். 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்று சொல்வது இதைத்தான். மூடியைத் திறந்து வைத்து, வாடை போகும்வரை காற்றோட்டம் விட வேண்டும். கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வாடை இன்னும் கூடத்தான் செய்யும்.

இறங்குவதற்கு முன்பு ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே உடம்பில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். 'குளிச்சிட்டு இறங்கவும்' என்று போர்டு வைப்பது ஏதோ சம்பிரதாயத்துக்கு இல்லை. நீங்கள் கழுவாமல் கொண்டுபோகும் ஒவ்வொரு துளி அழுக்கும் அந்த 4.5 கிராமில் இருந்து ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அளவு சரி, ஆனா குளோரின் தூங்குது!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் குளோரின் 3 பிபிஎம் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. அதை முடிவு செய்வது பிஹெச்.

பிஹெச் என்பது தண்ணீர் அமிலத் தன்மையோடு இருக்கிறதா, காரத் தன்மையோடு இருக்கிறதா என்று சொல்லும் அளவுகோல். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளை வைத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கும்.

குளோரின் தண்ணீரில் கலந்ததும் ரெண்டு வடிவங்களில் பிரிகிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். இது கிருமியின் உறைக்குள் சுலபமாகப் புகுந்து கொல்லும். இன்னொன்று ஹைப்போகுளோரைட் அயனி. இதற்கு மின்னூட்டம் இருப்பதால் கிருமிக்குள் புகத் திணறும், மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரே போலீஸ் ஸ்டேஷனில் டியூட்டியில் இருப்பவரும் லீவில் இருப்பவரும் மாதிரி.

பிஹெச் 7 என்றால் குளோரினில் ஏறக்குறைய முக்கால் பங்கு டியூட்டியில் இருக்கும். 7.5 என்றால் பாதிக்குப் பாதி. 8 ஆகிவிட்டால் சுமார் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு லீவு! டெஸ்ட் செய்து பார்த்தால் அப்போதும் 3 பிபிஎம் என்றே காட்டும். ஏனென்றால் சாதாரண டெஸ்ட் ஸ்ட்ரிப் ரெண்டு வடிவத்தையும் சேர்த்துத்தான் எண்ணும். குளோரினை மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் ஓகே' என்று சொல்லும் பராமரிப்பாளர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அப்போ பிஹெச்சை 6க்குக் கொண்டுபோய்விட்டால் குளோரின் முழுசா வேலை செய்யுமே? செய்யும். ஆனால் அந்தத் தண்ணீர் ஹீட்டரின் உலோகத்தை அரிக்கும், கண் எரியும், தோல் காந்தும். அதனால்தான் 7.0 முதல் 7.8 வரை என்று சிடிசி எல்லை வைத்திருக்கிறது. நடைமுறையில் 7.4ஐ ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. நம் கண்ணீரின் பிஹெச்சும் ஏறக்குறைய அதுதான்.

கோலி சோடாவும் ஹாட் டப்பும்

ஹாட் டப் வைத்திருப்பவர்களின் பொதுவான புலம்பல்: 'நேத்துதான் பிஹெச்சைக் குறைச்சேன், இன்னைக்கு மறுபடி ஏறிடுச்சு.'

காரணம் அந்தக் குமிழிகள். கோலி சோடாவை உடைத்து அப்படியே வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் கேஸ் போய், சுள்ளென்ற அந்தப் புளிப்பும் போய்விடும் இல்லையா? அந்தச் சுள்ளென்ற புளிப்புக்கு ஒரு காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. அது தண்ணீரில் லேசான அமிலமாக இருக்கும். ஹாட் டப் தண்ணீரிலும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது. ஜெட்டும் குமிழியும் தண்ணீரைக் கலக்கக் கலக்க, அது காற்றில் பறந்துவிடும். அமிலம் போனால் பிஹெச் ஏறத்தானே செய்யும்? யாரும் எதுவும் போடாமலே, வெறும் மோட்டார் ஓடியதாலேயே பிஹெச் ஏறும். குமிழி எவ்வளவு அதிகமோ, குளோரின் அவ்வளவு சீக்கிரம் தூங்கப் போகும்.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது டோட்டல் ஆல்கலினிட்டி, அதாவது காரத்தாங்குதிறன். பைக்குக்கு ஷாக் அப்சார்பர் எப்படியோ, பிஹெச்சுக்கு இது அப்படி. பொதுவாக 80 முதல் 120 பிபிஎம் வரை இருக்கச் சொல்வார்கள். ரொம்பக் குறைந்தால் பிஹெச் இங்கும் அங்கும் துள்ளும். ரொம்பக் கூடினால் பிஹெச்சை எவ்வளவு இறக்கினாலும் மேலேயே ஏறிக்கொண்டிருக்கும்.

இதைக் கூட்டுவதற்கான பொருள் நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஆப்ப சோடா! சோடியம் பைகார்பனேட். 1,500 லிட்டர் தொட்டியில் 60 பிபிஎம் இருப்பதை 100க்குக் கொண்டுவர ஏறக்குறைய 100 கிராம் ஆப்ப சோடா போதும். குறைக்க வேண்டுமென்றால் அமிலம். அதை அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக, மோட்டார் ஓடும்போது சேர்க்க வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் ஆல்கலினிட்டி, அடுத்து பிஹெச், கடைசியாகத்தான் குளோரின். மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரி செய்யும்போது இன்னொன்று கலைந்துவிடும்.

போர் தண்ணீர் நிரப்பினால்?

வாட்டர் ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படியும் உப்பை போர் தண்ணீர் பயன்படுத்தும் எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். அது கால்சியம் கார்பனேட். சர்க்கரை, உப்பு எல்லாம் சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும். இது மட்டும் எதிர்மாறு, சூடு ஏற ஏறப் படிந்துவிடும். ஹாட் டப்பின் ஹீட்டரிலும் அதேதான். பிஹெச்சும் சேர்ந்து ஏறினால் படிவு இன்னும் வேகமாகும், தண்ணீரும் கலங்கும். கடினத்தன்மை 150 முதல் 250 பிபிஎம் வரை இருப்பது நல்லது. போர் தண்ணீர் இதைத் தாண்டினால், லாரித் தண்ணீரோ மென்மையாக்கிய தண்ணீரோ கலந்து நிரப்பலாம். முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவதும் சரி வராது. கால்சியமே இல்லாத தண்ணீர் சிமெண்டையும் உலோகத்தையும் அரிக்கப் பார்க்கும்.

அந்த வெள்ளை மாத்திரையில் ஒரு வில்லங்கம்

அபார்ட்மென்ட் நீச்சல் குளங்களில் மிதக்கவிடும் வெள்ளை மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள். டிசிசிஏ என்று கடைகளில் கேட்டு வாங்குவார்கள். மெதுவாகக் கரையும், வேலை மிச்சம். இதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. வெயிலில் குளோரின் சிதைந்துவிடாமல் இது குடை மாதிரி பாதுகாக்கும். திறந்தவெளி நீச்சல் குளத்துக்கு இது நல்லது.

மூடி போட்ட, கூரைக்கு அடியில் இருக்கும் ஹாட் டப்புக்கு எதற்குக் குடை? பிரச்சனை அதோடு நிற்கவில்லை. இந்த மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போது கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுப்போகிறது. குளோரின் தீரும், இது தீராது. சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேர குளோரினைக் கட்டிப்பிடித்து மந்தமாக்கிவிடும். தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர இதை வெளியேற்ற எளிய வழி கிடையாது. ஹாட் டப்பில் இந்த வகைக் குளோரினைப் பயன்படுத்த வேண்டாம் என்று சிடிசி சொல்வது இதனால்தான். நீச்சல் குளத்துக்கு வாங்கிய டப்பாவிலிருந்தே ஹாட் டப்புக்கும் ரெண்டு மாத்திரை எடுத்துப் போடுவது சௌகரியமான வேலைதான், ஆனால் சரியான வேலை இல்லை.

குளோரினுக்குப் பதில் புரோமின் பயன்படுத்துபவர்களும் உண்டு. குறைந்தது 4 பிபிஎம் வேண்டும். பிஹெச் கொஞ்சம் ஏறினாலும் புரோமின் அவ்வளவு சீக்கிரம் தூங்கிவிடாது, வாடையும் குறைவு. விலை அதிகம், வெயிலும் ஆகாது.

ஒரு மருந்தோடு இன்னொன்றை யோசிக்காமல் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை 2016 ரியோ ஒலிம்பிக்கில் உலகமே டிவியில் பார்த்தது. டைவிங் குளம் ஒரே நாளில் பச்சைப் பசேல் என்று மாறியது. குளத்தில் தவறுதலாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றப்பட்டதாகவும், அது குளோரினைச் செயலிழக்க வைத்ததால் பாசி பிடித்ததாகவும் பிறகு விளக்கம் வந்தது. பெராக்சைடும் கிருமிநாசினிதான், குளோரினும் கிருமிநாசினிதான். ரெண்டையும் ஒன்றாகப் போட்டதில் ஒன்றை ஒன்று தீர்த்துக்கட்டிவிட்டன.

குளித்த ரெண்டு நாளில் சிவப்புத் தடிப்பா?

பராமரிப்பு சரியில்லாத ஹாட் டப்பில் இறங்கியவர்களுக்கு அதிகம் வருவது லெஜியோனெல்லா இல்லை, தோல் பிரச்சனை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மயிர்க்கால்களில் புகுந்து அரிப்போடு சிவப்புத் தடிப்புகளை உண்டாக்கும். ஈரமான நீச்சல் உடை ஒட்டியிருந்த இடத்தில் அதிகமாக இருக்கும். பெரும்பாலும் சில நாட்களில் தானே போய்விடும். போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், எந்தத் தொட்டியில் குளித்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

லெஜியோனெல்லா விஷயம் அப்படி இல்லை. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று வரும். பெரும்பாலும் 2 நாள் முதல் 14 நாட்களுக்குள் அறிகுறி தெரியும். 50 வயதைத் தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பொதுவாகப் பரவாது. ஆன்டிபயாடிக் மருந்துகள் இருக்கின்றன, ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். டூர் போய்வந்த பிறகு நிமோனியா அறிகுறி வந்தால், 'ரிசார்ட்டில் ஹாட் டப் பக்கம் இருந்தேன்' என்ற ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பெரிய துப்பு.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஹாட் டப்பில் இறக்கவே கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இந்த ரெண்டை மட்டும் சேர்த்துடாதீங்க

பிஹெச்சைக் குறைக்க ஆசிட், கிருமியைக் கொல்ல குளோரின். ரெண்டும் ஒரே ஷெட்டில், பக்கத்துப் பக்கத்துக் கேனில் இருக்கும். ரெண்டும் நேரடியாகக் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915ல் முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் இப்ர் போர்க்களத்தில் ஜெர்மனி பயன்படுத்திய அதே விஷ வாயு. பாத்ரூம் கழுவும்போது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டு மூச்சுத் திணறுவதும் இதனால்தான்.

ஒன்றைப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, அது முழுதாகக் கலந்த பிறகே அடுத்தது. ரெண்டுக்கும் ஒரே அளவுக் கோப்பையைப் பயன்படுத்தக்கூடாது. பிளீச்சிங் பவுடரையும் டிசிசிஏ மாத்திரையையும் உலர்ந்த நிலையில் கலந்தாலும் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ வாய்ப்பு இருக்கிறது. எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைச் சேர்க்க வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது.

ரிசார்ட்டில் இறங்கும் முன் என்ன பார்க்கணும்?

முதலில் கையால் உட்பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் வேண்டாம். நாள்பட்ட தண்ணீர் தொட்டிக்குள் பிடிக்குமே, அதே வழவழப்புதான் பயோஃபிலிம். கிருமிகள் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொள்ளும் கோட்டை. அதற்குள் குளோரின் சுலபமாகப் புக முடியாது. சுவரில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத குழாய்களுக்குள் இன்னும் அதிகம் இருக்கும்.

மோட்டாரை நிறுத்திய பிறகும் நுரை அடங்காமல் நின்றால் எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணைக் கரிக்கும் வாடை வந்தால் காரணம் மேலே சொன்னதுதான். தண்ணீரின் அடியில் இருக்கும் உறிஞ்சு துளைக்கு மூடி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்திருந்தால் தலைமுடி உள்ளே இழுக்கப்படும் ஆபத்து இருக்கிறது.

கடைசியாகக் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி: 'இன்னைக்கு டெஸ்ட் பண்ணீங்களா, அளவு என்ன?' ஒழுங்காகப் பராமரிக்கும் இடத்தில் ஒரு நோட்டு இருக்கும். தேதி, நேரம், குளோரின், பிஹெச் எழுதியிருப்பார்கள். 'அதெல்லாம் ஆள் வந்து பாத்துட்டுப் போவாங்க சார்' என்ற பதில் வந்தால் முடிவு உங்கள் கையில். டெஸ்ட் ஸ்ட்ரிப்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. தண்ணீரில் முக்கி எடுத்து, டப்பாவில் இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும்?

எவ்வளவு மருந்து போட்டாலும் வியர்வை உப்பும், மருந்துகளின் எச்சமும் தண்ணீரில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. தொட்டியின் கொள்ளளவை லிட்டரில் எடுத்து 11ஆல் வகுக்க வேண்டும். வருவதை ஒரு நாளைக்கு இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால், எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது கிடைத்துவிடும்.

1,500 லிட்டர் தொட்டியில் தினமும் நாலு பேர் என்றால் 34 நாள். அதே தொட்டியை ஒரு ரிசார்ட்டில் தினமும் 20 பேர் பயன்படுத்தினால் ஏழு நாள்கூடத் தாங்காது. சீசன் நேரத்தில் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போது பழைய தண்ணீரிலேயே குழாய் சுத்தம் செய்யும் மருந்தைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டு, பிறகு திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் பயோஃபிலிம், புதுத் தண்ணீரில் முதல் நாளே வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். ஃபில்டரையும் அப்போதே கழற்றிக் கழுவிவிடலாம். திறந்துவிடும் தண்ணீரில் குளோரின் இருந்தால் செடிக்கு ஊற்றக்கூடாது. மூடியைத் திறந்து போட்டு ஓரிரு நாள் வெயிலில் விட்டு, ஸ்ட்ரிப்பில் குளோரின் பூஜ்யம் என்று காட்டிய பிறகு தோட்டத்துக்கு விடலாம்.